மாடியில் மக்காச்சோளம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைச் சரிசெய்ய

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர், மாதவரம் என்று சுற்றுப்பக்கத்து மாடித் தோட்டக்காரர்கள் மக்காச்சோளத்தைப் பற்றி என்னிடம் கொண்டு வரும் புகார்களில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. செடி ஆள் உயரம் வளர்ந்தது, கதிரும் தடிமனாகத்தான் இருந்தது, உரித்துப் பார்த்தால் பாதி பொக்கை. அதற்குள் உரம், டானிக், பூச்சி மருந்து என்று கையைக் கடிக்கிற அளவுக்குச் செலவு செய்திருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் இருக்கும்: தண்ணீரில் உள்ள உப்பு, செடிகளை நட்ட விதம், விதைத்த மாதம். இந்த மூன்றையும் பார்த்து முடிக்கிற வரைக்கும் கடையில் எதுவும் வாங்காதீர்கள்.

இங்கே நான் எழுதுவது முற்றவிட்டுக் காயவைத்து மாவாக்கும் மக்காச்சோளத்துக்கு. பச்சையாக அவித்துத் தின்னும் ஸ்வீட் கார்னுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

அமெரிக்க விஸ்கிச் சோள ரகங்களை வீடியோவில் பார்த்துவிட்டு அதை இங்கே வளர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பர்பன் விஸ்கிக்கு அந்த நாட்டுச் சட்டப்படி தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது டென்ட் வகை, அதாவது காய்ந்ததும் மணியின் தலையில் குழி விழும் மாவுச்சத்து மிகுந்த வகை. செடியாக வளர்ப்பதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் வீட்டில் காய்ச்சுவது 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சொந்த உபயோகத்துக்குத்தான் என்று சொன்னாலும் குற்றமே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. காய்ச்சும் பக்கம் போகவே வேண்டாம். கதிர் முற்றிக் காய்வதோடு என் வேலை முடிகிறது. அந்த மாவில் ரொட்டி, களி, கஞ்சி, ரவையாக உடைத்தால் உப்புமா எல்லாம் அருமையாக வரும்.

அறிகுறி: விதை போட்டு ஒரு வாரம் ஆகியும் முளைக்கவில்லை

நம் ஊர்ச் சூட்டில் நல்ல விதை 4, 5 நாளில் தலை காட்டிவிடும். ஒரு வாரம் தாண்டினால் மண்ணைக் கிளறிப் பாருங்கள்.

விதை காணோம் என்றால் எறும்போ எலியோ எடுத்திருக்கிறது. மறுமுறை போட்டதும், முளை ஒரு சாண் வளரும் வரை பழைய கொசுவலையை மேலே விரித்து ஓரத்தில் செங்கல் வைத்துவிடுங்கள். முளைத்ததைப் பிடுங்கிப்போடும் காக்கைக்கும் இதுவே போதும்.

விதை ஊதி, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு இருந்தால் தண்ணீர் அதிகம், அல்லது விதையை ஆழத்தில் போட்டிருக்கிறீர்கள். ஒன்று முதல் ஒன்றரை அங்குல ஆழம் போதும். சுருங்கிய மணியுள்ள ஸ்வீட் கார்ன் விதை ஈரம் கூடினால் சட்டென்று அழுகும்.

விதை போட்டபடியே கல்லாக இருந்தால் விதையே பழசு. மீதி விதையில் பத்தை எடுத்து ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். ஐந்து நாளில் குறைந்தது எட்டு விதை முளைக்க வேண்டும். ஐந்துக்குக் கீழே போனால் அந்தப் பொட்டலத்தை விட்டுவிடலாம்.

தீவனக் கடையில் கிலோ கணக்கில் வாங்கிய கோழித் தீவனச் சோளத்தைப் போடுகிறவர்கள் உண்டு. முளைக்கும். ஆனால் அது கலப்பின வயலில் விளைந்த மணி. அடுத்த தலைமுறையில் ஒரு செடி நெட்டையாக, ஒன்று குட்டையாக, ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில் பூக்கும். பொக்கைக் கதிருக்கு அதுவே ஒரு காரணமாகிவிடும். இன்னொரு எச்சரிக்கை: விதைப் பொட்டலத்தில் சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசிய விதைக்கு மருந்து தடவியிருக்கிறது. மிஞ்சியதைக் கோழிக்கோ புறாவுக்கோ போடாதீர்கள்.

அறிகுறி: இடுப்பு உயரம்கூட வரவில்லை, அதற்குள் பூத்துவிட்டது

*பை சின்னதாக இருந்தால்:* பூச்சட்டி, பெயின்ட் டப்பா எதுவும் இதற்கு ஆகாது. ஒரு அடி அகலமும் ஒரு அடி ஆழமும் உள்ள பையில் ஒரே செடி. இரண்டடி அகலப் பையானால் மூன்று வைக்கலாம்.

*பை சரியாக இருந்தும் இப்படியானால்:* விதைத்த மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரை தண்ணீர் விட்டுப்போனதா என்று யோசியுங்கள். ஊருக்குப் போய் வந்த வீடுகளில் இதைப் பார்க்கிறேன். அந்தச் சமயத்தில் வாடிய செடியைப் பிறகு எவ்வளவு கவனித்தாலும் உயரம் திரும்பாது.

*பையும் தண்ணீரும் சரி, விதை வெளிநாட்டு ரகம் என்றால்:* காரணம் அதுதான். ப்ளடி புட்சர், ரீட்ஸ் யெல்லோ டென்ட், ஹிக்கரி கிங் போன்ற பெயர்களைத் தேடி விதை வாங்குகிறார்கள். நல்ல ரகங்கள்தான். ரீட்ஸ் யெல்லோ டென்ட் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. ஆனால் அவை நீண்ட கோடைப் பகலுக்கும் இதமான இரவுக்கும் பழகியவை. சென்னையில் வருடத்தின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டாது, இரவிலும் சூடு இறங்காது. அதனால் செடி போதிய இலை விடுமுன் அவசரமாகப் பூத்து, விரல் நீளக் கதிரோடு முடிந்துவிடும். இதற்கு உரத்தில் மருந்து இல்லை. ரகத்தை மாற்றுவதுதான் வழி.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் பெட்டியில் விதை வைத்துக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டு வரக்கூடாது. அதற்குக் காரணமும் உண்டு. நம் சோளத்தை இன்று நாசம் செய்யும் படைப்புழு வெளியிலிருந்து வந்ததுதான்.

பிறகு எதைப் போடுவது? மாவுக்கு என்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 6 மாதிரியான கலப்பினங்கள் நம் வெயிலைத் தாங்கும். கதிரும் ஒரே அளவில் வரும். ஆனால் அதிலிருந்து விதை எடுத்து வைக்க முடியாது, ஒவ்வொரு பட்டத்துக்கும் புது விதை வாங்க வேண்டும். சொந்த விதை வேண்டும் என்பவர்கள் கலப்பினமல்லாத ரகம் தேட வேண்டும். மாட்டுத் தீவனத்துக்குப் போடும் ஆப்பிரிக்கன் டால் சுலபமாகக் கிடைக்கிறது, மாவும் வெள்ளையாக நன்றாக வரும். ஆனால் அது எட்டு, பத்து அடி போகும். கடல் காற்று அடிக்கும் மாடியில் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை, தரையில் மட்டும் போடுங்கள்.

அறிகுறி: இலை நுனியும் ஓரமும் கருகுகிறது

வடசென்னையில் இந்த அறிகுறியைப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது: என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? உரப் பற்றாக்குறை என்று நினைத்து மேலும் உரம் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் உரமும் ஒருவகை உப்புதான்.

மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். மக்காச்சோளம் உப்பைக் கொஞ்சம்தான் பொறுக்கும். தென்னையும் கீரையும் அதே போர் தண்ணீரில் நன்றாக வந்திருக்கலாம். அதை வைத்துச் சோளத்துக்குக் கணக்குப் போடாதீர்கள்.

*முதல் சோதனை, செலவில்லாதது:* பையின் மேல் மண்ணிலும் பையின் வெளிப்புற அடியிலும் வெள்ளைப் படிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது.

*இரண்டாவது:* குடிநீர் வடிகட்டியைப் பழுதுபார்ப்பவர்கள் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரால், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவியால், தண்ணீரை அளந்து பாருங்கள். மீட்டரின் விலையும் சில நூறு ரூபாய்தான். 700-க்குள் இருந்தால் கவலை வேண்டாம். 700-க்கும் 1,500-க்கும் இடையில் என்றால் மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். 2,000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் சோளத்துக்கு வேண்டவே வேண்டாம்.

*மூன்றாவது, அதிகம் பேர் கவனிக்காதது:* ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிற வழக்கம். வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவ வையுங்கள். செடிக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பு கிடையாது.

*நான்காவது:* தென்னை நார்க் கழிவைக் கழுவாமல் கலந்தீர்களா? மலிவான கட்டிகளில் உப்பு நிறைய இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறையாவது தண்ணீர் மாற்றிய பிறகே மண்ணில் சேர்க்க வேண்டும்.

உப்பு என்று உறுதியானால், பையில் உள்ள மண்ணின் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடி ஓட்டை வழியாக வடிய விடுங்கள். அடி ஓட்டை அடைத்திருந்தால் முதலில் அதைக் குத்தித் திறங்கள். கருகிய இலை மீளாது. அடுத்து வரும் இரண்டு மூன்று இலை பச்சையாக இருந்தால் செடி தப்பித்துவிட்டது என்று அர்த்தம்.

தரையில் நட்டு, தண்ணீரை மாற்றியும் கருகினால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்கு வேளாண் அறிவியல் நிலையம் திரூரில் இருக்கிறது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கை ஒட்டிய மண், தொழிற்சாலை ஓரத்து மண், எதைக் கொட்டி மேடாக்கினார்கள் என்று தெரியாத மனை மண், இவற்றில் தின்னும் பயிர் போடுவதென்றால் பரிசோதனை முடிவு வரும் வரை காத்திருங்கள். அதுவரை வெளியிலிருந்து வாங்கிய செம்மண்ணில் பையில் வளர்ப்பது நல்லது.

அறிகுறி: இலை மஞ்சளாகிறது

எந்த இலை, எந்த இடம் என்று பாருங்கள். அதற்குள்ளேயே விடை இருக்கிறது.

அடி இலையில், நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக ஆப்பு வடிவில் மஞ்சள் ஏறினால் தழைச்சத்துப் பசி. மக்காச்சோளம் பெரிய தீனிக்காரப் பயிர், வெறும் காய்கறிக் கழிவு உரம் அதற்குப் பற்றாது. 25-ஆம் நாளும் 45-ஆம் நாளும் ஊறவைத்துக் கரைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றி, தண்டின் அடியில் மண்ணைக் குவித்து அணையுங்கள். யூரியா போடுபவர்கள் செடிக்கு ஒரு சிறிய ஸ்பூன் அளவை இரண்டாகப் பிரித்து, தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

இளம் இலையின் அடிப்பகுதியில், நடு நரம்பின் இரண்டு பக்கமும் வெளுத்த பட்டை ஓடினால் துத்தநாகக் குறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், அதோடு இரண்டரை கிராம் சுண்ணாம்பு. வடிகட்டி மாலையில் தெளியுங்கள், பத்து நாள் கழித்து மறுபடியும் ஒருமுறை.

செடி முழுக்க வெளிர் மஞ்சளாகி, மண் சதசதவென்று இருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. தண்ணீரை நிறுத்துங்கள்.

அறிகுறி: குருத்தில் வரிசையாக ஓட்டை, மரத்தூள் மாதிரி எச்சம்

இது படைப்புழு. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டார்கள். அந்த ஆண்டே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. மாடி உயரம் அதற்கு ஒரு தடையே இல்லை, தாய் அந்துப்பூச்சி நன்றாகப் பறக்கும்.

உறுதி செய்ய: புழுவை எடுத்துத் தலையைப் பாருங்கள், தலைகீழாகப் போட்ட ஆங்கில ஒய் எழுத்து வெளிறித் தெரியும். வால் பக்கம் சதுரமாக நான்கு கரும் புள்ளிகள் இருக்கும்.

*விதைத்து முதல் மூன்று வாரம்:* இலையில் கண்ணாடி போலச் சுரண்டிய சிறு திட்டுகள்தான் தெரியும். இலையின் அடியில் பஞ்சு போர்த்திய முட்டைக் குவியல் இருந்தால் அப்படியே நசுக்குங்கள். பதினாறு, இருபது செடி வைத்திருக்கும் வீட்டுக்கு இதற்கு மேல் ஒரு மருந்து தேவையில்லை. தினம் காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

*குருத்துக்குள் புழு போய்விட்டால்:* காய்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்து ஒரு சிட்டிகை குருத்தில் போடுங்கள். விறகுச் சாம்பல் மட்டும்தான். எண்ணூர் பக்கம் கிடைக்கும் அனல் மின் நிலைய நிலக்கரிச் சாம்பலைத் தின்னும் பயிரில் போடக் கூடாது, அதில் கன உலோகங்கள் உண்டு. இதோடு 1,500 பி.பி.எம். அசாடிராக்டின் உள்ள வேப்ப மருந்தை லிட்டருக்கு 5 மில்லி வீதம் கலந்து, குருத்துக்குள் இறங்கும்படி மாலையில் தெளியுங்கள்.

*அப்புறமும் பாதிக்கு மேல் செடிகளில் புது எச்சம் தெரிந்தால்:* பி.டி. பாக்டீரியா மருந்து லிட்டருக்கு 2 கிராம். அதற்கும் அடங்காவிட்டால் எமாமெக்டின் பென்சோயேட் லிட்டருக்கு 0.4 கிராம், ஒரே ஒரு முறை, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு. பக்கத்து மாடியில் துணி காய்கிறதா, குழந்தைகள் விளையாடுகிறார்களா என்று பார்த்துவிட்டுத் தெளியுங்கள். கதிரில் பட்டு நூல் வந்த பிறகு எந்த ரசாயன மருந்தும் வேண்டாம்.

எந்தப் புழு என்றே தெரியவில்லை, அல்லது மருந்துக் கடையில் மூன்று நான்கு புட்டிகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றால் அங்கேயே நின்றுகொண்டு கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 எண்ணில் பேசுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பதில் சொல்கிறார்கள்.

அறிகுறி: செடி சாய்கிறது

தண்டின் அடியில் தரைக்கு மேலே விழுது போல இறங்கும் வேர்கள் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால், மண் அணைக்கவில்லை என்று பொருள். இரண்டு கை மண் போட்டு அழுத்துங்கள். பல செடிகள் இதிலேயே நிமிர்ந்துவிடும். மாடியில் நாற்புறமும் கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் ஒன்று, தோள் உயரத்தில் ஒன்று என்று கயிறு சுற்றிக் கட்டிவிடுங்கள். தனித்தனிச் செடிக்குக் கம்பு கட்டுவதைவிட இது உறுதியாக நிற்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் பைகளைக் கைப்பிடிச் சுவர் ஓரத்துக்கு நெருக்கி வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஆள் உயரச் செடி மாடியில் நிற்பதே ஆபத்து. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று பார்த்துவிட்டோம்.

சாயாமல் இருக்க மண்ணைக் கூட்டுவதென்று சிலர் மாடியிலேயே வரப்புக் கட்டிப் பாத்தி போடுகிறார்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். ஈர மண் ஒரு கன அடிக்கு 45 முதல் 50 கிலோ இருக்கும். வீட்டு மொட்டை மாடிக்கு, ஆட்கள் நடமாட்டத்துக்கு என்று வடிவமைப்பில் எடுக்கும் பாரம் சதுர அடிக்கு சுமார் 15 கிலோதான். ஒரு அடி ஆழப் பாத்தி அதைப் போல மூன்று மடங்கு. செம்மண், கழுவிய நார்க் கழிவு, மாட்டெரு மூன்றையும் சம பங்கு கலந்து பையில் போட்டு, சுவரும் உத்தரமும் இருக்கும் வரிசையில் இடைவெளி விட்டுப் பரப்புங்கள்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மரச் சட்டத்தின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் இருக்கிறது. அதன் மேல் மண் பையே வேண்டாம். எந்த வீடானாலும் கீழ்த்தளத்துக் கூரையில் ஈரத் திட்டு, பூச்சு உதிர்தல், புது விரிசல் எது தெரிந்தாலும் அன்றே பைகளை இறக்கிவிட்டுக் கட்டடப் பொறியாளரை அழையுங்கள். கொத்தனாரை வைத்து மேலே பூசி மறைக்காதீர்கள்.

அறிகுறி: கதிரை உரித்தால் பொக்கை

கதிர் நுனியிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பட்டு நூலும் ஒரு மணிக்குச் சொந்தம். அந்த நூலில் மகரந்தத் தூள் விழுந்தால்தான் அந்த மணி திரளும். தூள் வருவது செடி உச்சியில் விரியும் ஆண் பூவிலிருந்து, கொண்டு வருவது காற்று. இவ்வளவு தெரிந்தால் மீதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பொக்கை எப்படி விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

*அங்கங்கே பல் போனது போல மணி சிதறி இருந்தால்:* தூள் போதவில்லை. நம் வீடுகளில் பத்தில் எட்டுக் கதிர் இந்த வகைதான் என்பேன். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரே வரிசையாக எட்டுச் செடி, பத்துச் செடி வைத்திருப்பார்கள். பிற்பகலில் கடல் காற்று வீசும்போது தூள் முழுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். வரிசையை விட்டுச் சதுரமாக வையுங்கள். நான்குக்கு நான்கு, பதினாறு செடி என்பதுதான் குறைந்தபட்சம். வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி முக்கால் அடி முதல் ஒரு அடி. பதினாறையும் ஒரே நாளில் விதையுங்கள். வாரா வாரம் நான்கு நான்காகப் போட்டால் ஒன்று பூக்கும்போது மற்றது பூக்காது.

இடம் இல்லை, ஆறு செடிக்கு மேல் வைக்க முடியாது என்பவர்களுக்குக் கை மகரந்தச் சேர்க்கை உண்டு. காலை எட்டு மணிக்கு மேல், பனி ஈரம் உலர்ந்ததும், ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஆண் பூவை மெல்லத் தட்டுங்கள். மஞ்சள் தூள் கொட்டும். அதை உடனே வேறொரு செடியின் பட்டு நூலில் தூவுங்கள். நூல் வெளியே தெரிந்த நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மூன்று நான்கு தடவை செய்தால் கதிர் நிறைந்துவிடும். பத்து மணிக்கு மேல் எடுத்த தூளும் எடுத்து வைத்த தூளும் வேலைக்கு ஆகாது.

சேர்க்கை நடந்ததா என்று கதிரை வீணாக்காமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நூல் வந்து பத்து நாள் கழித்து ஒரே ஒரு கதிரைப் பறித்து, தோலைக் கவனமாகப் பிரித்து, தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். திரண்ட மணியின் நூல் உதிர்ந்துவிடும். சேராத மணியின் நூல் ஒட்டிக்கொண்டே இருக்கும். பாதி நூல் ஒட்டியிருந்தால் மற்றச் செடிகளில் இன்னும் புது நூல் இருக்கிறதா பார்த்து அன்றே தூள் தூவுங்கள்.

*மணி அடியில் நிறைந்து, நுனியில் மட்டும் இல்லாவிட்டால்:* நுனி நூல் கடைசியாக வெளிவரும். அந்த நேரம் தண்ணீரோ தழைச்சத்தோ குறைந்திருக்கிறது, அல்லது தூள் தீர்ந்துவிட்டது. இரண்டு விரல் அளவு நுனிப் பொக்கை பெரிய குறையல்ல. அதற்கு மேல் போனால், பூக்கும் முன் ஒரு வாரமும் பூத்த பின் இரண்டு வாரமும் மண் காயவே விடாதீர்கள்.

*ஒரு பக்கம் மட்டும் வரிசையாக மணி இல்லாவிட்டால்:* நூல் ஒருபுறமாகத் தொங்கி மறுபக்கத்து நூலை மறைத்திருக்கும், அல்லது புழு மென்றிருக்கும். தூவும்போது நூலைக் கையால் பிரித்துவிடுங்கள்.

*முழுக் கதிரும் வெறுமையாக இருந்தால்:* விதைத்த தேதியைப் பாருங்கள். வெயில் 35 டிகிரியைத் தாண்டி, காற்றும் வறண்டால் தூள் உயிர் விட்டுவிடும், நூலும் காய்ந்துவிடும். மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ விதைத்தால் பூக்கும் நேரம் நேராகக் கத்திரியில் விழும். எந்த மருந்தும் அதை மாற்றாது.

எனக்குப் பிடித்தது தைப்பட்டம். பொங்கல் முடிந்த கையோடு விதைத்தால் மார்ச் நடுவிலிருந்து மாதக் கடைசிக்குள் பூக்கும், அப்போது வெயில் தாங்கும். ஏப்ரல் முடிவில் கதிர் முற்றும். அதற்குப் பின் வரும் வெயில் கதிரைக் காயவைக்க உதவுகிறது. ஆடிப்பட்டத்தில் போட்டால் பச்சைக் கதிர் செப்டம்பர் கடைசியில் கிடைக்கும், தின்ன நன்றாக இருக்கும். ஆனால் மாவுக்கு முற்றவிட்டால் அக்டோபர் கடைசி ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், காயாது.

*கதிரே பிடிக்கவில்லை என்றால்:* நிழல். அடுத்த அடுக்குமாடிச் சுவர் எத்தனை மணி வரை வெயிலை மறைக்கிறது என்று கவனியுங்கள். ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லாத மாடியில் சோளத்தை விட்டுவிட்டுக் கீரை போடுங்கள்.

உச்சி ஆண் பூவிலேயே சில மணிகள் காய்த்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பக்கக் கிளைகளில் அப்படி வருவதுண்டு, நோய் அல்ல.

சதுரமாக நட்டு, தையில் விதைத்து, கையாலும் தூவி, அப்படியும் இரண்டு பட்டம் தொடர்ந்து பொக்கையாக இருந்தால் மட்டும் ஒரு செடியை வேரோடு, ஒரு கதிரை உரித்த நிலையில், வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். போகும்போது உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ். அளவையும் விதைத்த தேதியையும் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் அவர்களுக்கும் வேலை சுலபம்.

அறிகுறி: வெள்ளைக் கதிரில் மஞ்சள் மணி, ஸ்வீட் கார்னில் இனிப்பே இல்லை

வேறு ரகத்தின் தூள் கலந்திருக்கிறது. அந்த ஆண்டு மணியிலேயே அது தெரியும். மாவு ரகமும் ஸ்வீட் கார்னும் ஒரே மாடியில் வைத்தால், இரண்டின் விதைப்புக்கும் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி கொடுங்கள். பக்கத்து மாடியிலும் போட்டிருந்தால் அவர்களிடம் பேசி மாதத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். கலந்த கதிரைத் தின்னலாம், மாவாக்கலாம், விதைக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

அறிகுறி: கதிர் முற்றுமுன் யாரோ தின்றுவிடுகிறார்கள்

நுனியிலிருந்து தோலைக் கிழித்திருந்தால் கிளியோ அணிலோ. நூல் பழுப்பானதும் கதிருக்குக் காகிதப் பை மாட்டி அடியில் கயிற்றால் கட்டுங்கள். நூல் பச்சையாக இருக்கும்போது மாட்டினால் சேர்க்கை கெடும். செடியே அடியில் கடிபட்டு விழுந்தால் எலி, பெருச்சாளி. அதற்குத் தகரப் பட்டை சுற்றுவது, சுற்றிலும் தின்னும் பொருள் சிந்தாமல் வைப்பது. எலி மருந்தைத் திறந்த மாடியில் வைக்காதீர்கள், காக்கையும் பூனையும் சாகும்.

அறிகுறி: காயவைத்த கதிரில் பூஞ்சை, டப்பாவில் வண்டு

தோல் வெளுத்துக் காய்ந்து, மணியின் அடியில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் கதிர் முற்றிவிட்டது. பறித்துத் தோலைப் பின்னுக்கு மடக்கி, காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். இரவில் உள்ளே எடுங்கள். கடலோரக் காற்றின் ஈரத்தைப் பகலில் காய்ந்த மணி இரவில் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

காய்ந்ததா என்று பார்க்க: உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பாகம் மணியும் இரண்டு ஸ்பூன் காய்ந்த தூள் உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் இன்னும் இருக்கிறது. மறுபடி வெயிலில் போடுங்கள்.

மணியில் மஞ்சளும் பச்சையும் கலந்த பூஞ்சைத் தூள் தெரிந்தால் அந்தக் கதிர் முழுவதையும் எறியுங்கள். அதில் வரக்கூடிய அஃப்ளடாக்சின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். கழுவினாலும் வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுவதும் போகாது. மாட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடக் கூடாது. மாட்டுக்குப் போட்டால் நஞ்சு பாலில் வந்துவிடும். நல்ல மணியைப் பொறுக்கி எடுக்கலாம் என்று உட்காராதீர்கள், கண்ணுக்குத் தெரியாமலும் அது இருக்கும்.

வண்டு மட்டும் என்றால் சுலபம். மணியைச் சல்லடையில் சலித்து, பொட்டலமாகக் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள், முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பொட்டலத்தைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். விதைக்கென்று எடுத்து வைக்கும் கதிரை மட்டும் நன்றாகக் காய்ந்த பிறகே ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் முளைப்பு போய்விடும்.